தப்பு நோட்டு

எங்கள் ஆய்வகத்தில் தப்பு செய்கிறவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்கள் எல்லாரும் முடிவுகள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

அவரை அக்கா என்று கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆகையால் நான் கூப்பிட்டதில் குற்றமில்லை. அவரைவிட இருபத்தைந்து வயது பெரியவரான எங்கள் பேராசிரியரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். யாரிடம் வேலை வாங்க வேண்டுமோ அவருக்கு ஓர் உறவுமுறை கொடுத்துவிடுவது அந்த மையத்தின் வழக்கம். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்கிற நாளில் மட்டும் அக்கா 'ஒப்பந்தப் பணியாளர்' ஆகிவிடுவார்.

மையம் ராமேஸ்வரம் சாலையில், உச்சிப்புளிக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்தது. கடற்படை விமானம் தாழப் பறந்தால் அலமாரிகளில் உள்ள பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து கிணுகிணுக்கும். அந்தப் பாட்டில்கள்தான் எங்கள் வயல். செடியின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி, பாட்டிலுக்குள் உறைந்திருக்கும் உணவில் நட்டு, கிருமி படாமல் வளர்ப்பதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவார்களே, ஏறக்குறைய அந்தப் பதத்தில் இருக்கும் அந்த உணவு. அதற்குள் போவதும் பாசியிலிருந்து எடுத்த பொடிதான். அதைக் காய்ச்சுவது அக்காவின் வேலை. அவருடைய அம்மா ராமேஸ்வரம் தீவின் கரையோரம் முங்கி முங்கிப் பாசி எடுத்தவர். "எங்க அம்மா கடல்ல அள்ளிப் போட்டத நான் இங்கன கிண்டிக்கிட்டு இருக்கேன்" என்பார்.

உணவுக்குள் உப்பு, சர்க்கரை, வைட்டமின், அப்புறம் ஹார்மோன். ஹார்மோன் என்றால் சிட்டிகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் செடி வேறு ஆளாகிவிடும். வேர் விட வேண்டியது இலை விடும், இலை விட வேண்டியது வெறும் கட்டியாக வீங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் எங்கள் தொழிலில் தப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஒத்துக்கொள்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

அக்கா ஒத்துக்கொள்வார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

ஆட்டோகிளேவ் என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிற நீராவிக் கொதிகலனை அவர் குக்கர் என்பார். குக்கருக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் சணல் கயிறு போட்டு ஒரு நோட்டு தொங்கும். நாங்கள் அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர் வைத்தோம். அவர் கிறிஸ்தவர் என்பதால் கிண்டல் பண்ணத் தோன்றும் நாட்களில் பாவசங்கீர்த்தன நோட்டு என்போம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "சாமியார்கிட்ட சொல்றது என் பாவம். இது ஒங்க பாட்டிலு" என்பார்.

நோட்டில் இப்படி இருக்கும்: "மூணு பாட்டில் ஒடஞ்சது. மூடி சரியில்லன்னு சொல்லலாம், ஆனா கைதான் வழுக்குச்சு. வியாழன். நான்தான்." இன்னொரு பக்கம்: "சக்கரை போட்டேனா இல்லையான்னு தெரியல. போடலைன்னே வச்சுக்கங்க. திங்கள். நான்தான்." ஒரு நாள் இப்படியும் எழுதியிருந்தார்: "இன்னைக்குத் தப்பு ஒண்ணும் இல்ல. என் கண்ணுக்குப் படலையோ என்னவோ. சனி. நான்தான்."

எல்லாவற்றிலும் நான்தான், நான்தான். பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"இதுல எழுதுறது நான் ஒருத்திதான தாயி. பேரு எதுக்கு?"

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே சொல்லுவார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். சமைக்கத் தெரியும் என்று அவர் அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், "மீன் கொழம்பு மட்டும்தான் வரும். கோவம் நல்லா வரும். பல்லு ஒண்ணு கட்டுனது" என்று இவர் சொல்லிவிட்டார். அந்த இடம் கலைந்துவிட்டது. அடுத்து வந்தவரிடமும் இதையே சொல்ல, அவர் தன் வாயைத் திறந்து தன்னுடைய கட்டுன பல் இரண்டைக் காட்டியிருக்கிறார். அவரையே கட்டிக்கொண்டார்.

எங்களுக்கு இந்த நோட்டினால் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. ஆய்வகத்தில் எது கெட்டுப்போனாலும் நோட்டைப் புரட்டினால் போதும். அந்த வாரத்தில் அக்கா செய்த ஏதாவது ஒரு தப்பு கிடைக்கும். பாட்டிலில் பூஞ்சை வந்தால் அக்கா. செடி வாடினால் அக்கா. கை கழுவாமல் உள்ளே போன ஆராய்ச்சி மாணவர்களின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை, ஆகவே அவர்கள் கை கழுவினவர்கள் ஆனார்கள். அந்த மாணவர்களில் நானும் ஒருத்தி.

பேராசிரியர் உத்தரகோசமங்கை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒருமுறை ஒரு வாழைத்தார் வாங்கி வந்தார். வெளியே வெக்கையில் கறுத்துவிடும் என்று இரவு பகல் ஏ.சி. ஓடும் வளர்ப்பறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். பழுக்கிற பழம் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடும். அதுவும் ஒரு தாவர ஹார்மோன்தான். பூட்டிய அறையில் சேர்ந்துபோய், பாட்டில் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே புகுந்தால் செடி இலையைக் கொட்டிவிடும். பேராசிரியர் இந்தப் பாடத்தை இருபது வருடமாக நடத்துகிறவர். நாலாம் நாள் பாட்டில்களுக்குள் என் மிளகாய்ச் செடிகள் எல்லாம் மொட்டைக் குச்சியாக நின்றன. பழம் நன்றாக இருந்தது. எல்லாரும் சாப்பிட்டோம்.

வழக்கம்போல நோட்டைப் புரட்டினோம். இப்படி எழுதியிருந்தது: "சாரோட வாழத்தாரு வளர்ப்பறைல இருந்துச்சு. அது நல்லதில்லன்னு எனக்குத் தெரியும். பாத்துட்டும் சொல்லாம இருந்தது என் தப்பு. புதன். நான்தான்."

பேராசிரியர் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு மறுபடி ஆணியில் மாட்டினார். மறுநாள் எல்லாரையும் கூட்டி, ஆய்வகத்தில் ஒழுங்கு குறைந்துவருகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அக்கா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் தாரில் மிச்சமிருந்த காம்பை எடுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டார்.

"எதுக்கு அக்கா இதெல்லாம் எழுதி வாங்கிக் கட்டிக்கிறீங்க?" என்று அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"எங்க அண்ணன் ஒருத்தன் இருந்தான்" என்றார். "தெக்குக் கடலுக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வடக்க போயிட்டான். இலங்கை எல்லைக்கிட்டப் போனா எங்க அய்யா வைவாருல்ல, அதுக்காக. எஞ்சின் நின்னுபோச்சு. ஊரே படக எறக்கித் தேடுனாக. எங்க தேடுவாக? சொன்ன எடத்துலதான தேடுவாக. ரெண்டு நாளு தெக்கயே தேடுனாக."

"கிடைச்சாரா?"

"வலை கெடச்சுச்சு."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் சில்லறை இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

இனி என் மிளகாய்க் கதைக்கு வருகிறேன். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் குண்டு மிளகாய் போடுகிற வீட்டுப் பெண். என் ஆராய்ச்சி, அதே குண்டு மிளகாயைப் பாட்டிலுக்குள் பூக்க வைப்பது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம்; அய்யாவுக்கு இதைப் புரியவைக்க ஐந்து வருடமும் போதவில்லை. "ஏ ஆத்தா, அங்கன வயல்ல மார்கழி பொறந்தா கேக்காமலே பூத்துக் கெடக்கு. நீ என்ன, பாட்டிலுக்குள்ள ஒண்ணே ஒண்ணு பூக்க அஞ்சு வருசமா மல்லுக்கட்டுற?" என்பார். மழையையும் பட்டத்தையும் எதிர்பார்க்காமல் பூக்க வைத்தால் புது ரகங்களைச் சீக்கிரம் உண்டாக்கலாம் அய்யா என்பேன். "மொதல்ல பூக்கட்டும்" என்பார்.

பூக்கவில்லை. காரணம் எங்கள் பேராசிரியர் ஜி.ஏ. கட்சி. ஜிப்ரலிக் அமிலம் என்கிற ஹார்மோனைத்தான் ஜி.ஏ. என்போம். அது செடியை உயரமாக வளர்க்கும், சில செடிகளில் பூக்கவும் வைக்கும். மிளகாயும் அதனால்தான் பூக்கும் என்பது அவர் நம்பிக்கை. கட்சி மாறுகிற அரசியல்வாதிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. இருபது வருடமாக அவர் ஒரே ஹார்மோனில் இருந்தார். ஜி.ஏ.வோடு, பக்கத் துளிர்களை விடவைக்கும் பி.ஏ.பி. என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துத்தான் உணவு காய்ச்சுவோம். என் செடிகள் ஒட்டடைக் குச்சி மாதிரி மூடியை முட்டிக்கொண்டு நின்றன. மொட்டு மட்டும் இல்லை.

"பி.ஏ.பி. மட்டும் போட்டு ஒரு வரிசை வச்சுப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"பூக்க வைக்கிறது ஜி.ஏ.ங்கிறப்ப, அது இல்லாம வச்சு எதுக்கும்மா பாட்டில வீணாக்கணும்?" என்றார். அதற்கு மேல் கேட்க முடியாது. என் ஆய்வேட்டின் தலைப்பிலேயே ஜி.ஏ. இருந்தது. 'குண்டு மிளகாய்த் திசு வளர்ப்பில் பூ உருவாக்கம்: ஜிப்ரலிக் அமிலத்தின் பங்கு.' குழு கூடி ஒப்புதல் கொடுத்த தலைப்பு. அதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி குழு, மறுபடி ஒரு வருடம். எனக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பு வைகாசியோடு முடிகிறது. பேராசிரியர் ஆனியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் பூக்காவிட்டால் ஐந்து வருடமும் போச்சு, நான் முதுகுளத்தூருக்குத் திரும்பிப் போய்க் கேக்காமலே பூக்கிற மிளகாயைப் பறிக்க வேண்டியதுதான்.

மாசி மாதம் ஒரு காலை, பதினேழாவது தொகுதி பூத்தது.

நாற்பது பாட்டிலில் இருபத்தாறில். கட்டைவிரல் உயரச் செடி, அதில் தலைகுனிந்த சின்ன வெள்ளைப் பூ. வயலில் அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அன்றைக்குப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பேராசிரியர் ஓடி வந்தார், பார்த்தார், என் தலையில் கைவைத்தார், உடனே போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். பதினாறு தொகுதிகள் பூக்காமல் இது மட்டும் ஏன் பூத்தது என்று எனக்கு ஒரு சின்ன உறுத்தல். வாழ்க்கையில் முதல்முறையாக, குற்றவாளியைத் தேடாமல், விஷயம் தெரிந்துகொள்வதற்காக ஆணியிலிருந்த நோட்டைப் புரட்டினேன்.

ஏழு வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது: "பதினேழாம் தொகுதி. ஜி.ஏ.வை ஆறுனப்புறம் ஊத்தணும். மறந்து குக்கருக்கு முன்னாடியே ஊத்திட்டேன். சூட்டுல அது செத்துருக்கும். சார்கிட்ட சொன்னேன், சரி சரின்னாரு, போன்ல இருந்தாரு. செவ்வாய். நான்தான்."

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மற்றவற்றை எல்லாம் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கலாம். ஜி.ஏ. சூடு தாங்காது. உணவைக் காய்ச்சி இறக்கி, கன்னத்தில் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியபின், நுண்ணிய வடிகட்டி மாட்டிய சிரிஞ்சு வழியாகத்தான் அதைச் சேர்க்க வேண்டும். ஆக, பதினேழாம் தொகுதியில் ஜி.ஏ. இல்லை. இருந்தது அதன் பிணம். பூக்க வைத்தது பி.ஏ.பி. ஐந்து வருடமாகப் பூவை வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்ததே ஜி.ஏ.தான்.

அக்கா பின்னால் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா தாயி! அந்த ஜி.ஏ.தான் வாசல மறிச்சுக்கிட்டு நின்னுருக்கு. அது செத்த ஒடனே பூ வந்துருச்சு. என் தப்புக்கும் ஒரு புத்தி இருக்குல்ல?"

பேராசிரியருக்கு இருபது வருடத்தில் தோன்றாதது அவருக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது. நான் பேராசிரியரின் அறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்.

"சார், பதினேழாம் தொகுதியில ஜி.ஏ. வந்து..."

"வேலை செஞ்சிருச்சு!" என்று என் வாக்கியத்தை அவரே முடித்துவைத்தார். பெரிய மேசைக்குப் பின்னால் அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குள் ஆள் அனுப்பி லட்டும் வாங்கி வைத்திருந்தார். நான் ஒரு லட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா கை கழுவப் போயிருந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நோட்டில் புதிதாக ஒன்று எழுதியிருந்தது: "நோட்டுல ஒரு பக்கத்தக் காணோம். எல்லாரும் வந்து போற எடத்துல நோட்டத் தொங்கவிட்டது என் தப்பு. வெள்ளி. நான்தான்."

அதை மூன்று முறை படித்தேன். யார் கிழித்தது என்று அவர் என்னைக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன், தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எப்போதும்போலச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு துண்டு மீனை என் டப்பாவில் வைத்தார்.

ஒரு முறை பூத்தால் போதாது, மூன்று முறை பூத்தால்தான் ஆய்வேட்டில் போடலாம். இரண்டு நாள் கழித்து, நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அடுத்த தொகுதியிலயும் ஜி.ஏ.வைக் குக்கருக்கு முன்னாடியே ஊத்திருங்க" என்றேன்.

"ஆய்வேட்டுல அப்படித்தான் எழுதப் போறியா?"

"இல்ல. வடிகட்டி ஊத்துனதாத்தான் எழுதணும். தலைப்பு அப்படி."

அவர் அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்தார். "தெரியாம செஞ்சா நோட்டுல எழுதிருவேன் தாயி. தெரிஞ்சு செஞ்சா எந்த நோட்டுல எழுத? என்னால ஏலாது. நீயே ஊத்திக்க."

நானே ஊற்றிக்கொண்டேன். இரண்டு தொகுதி பூத்தது. வைகாசியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வந்த தேர்வாளர் ஜி.ஏ.வின் பங்கு மிகத் தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது என்றார். நன்றியுரையில் பேராசிரியர், அய்யா, விடுதித் தோழிகள், நூலகர் எல்லாரும் இருந்தார்கள். அக்காவின் பெயர் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. அவர் பெயரைப் பார்த்து யாராவது அவரிடம் போய் ஏதாவது கேட்டால் அவர் சொல்லிவிடுவார், அந்தப் பயம்.

நான் வேறு ஊரில் கல்லூரி வேலைக்குப் போன வருடம், மையத்தில் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க ஒரு குழு வந்தது. ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் ஆணியில் தொங்கியது. பக்கத்துக்குப் பக்கம் தவறுகள், எல்லாம் ஒரே ஆளின் கையெழுத்தில். 'தொடர் கவனக்குறைவு' என்று எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள். கை கழுவாதவர்களில் இருவர் நிரந்தரமானார்கள். செய்தி என் காதுக்கு வந்தது. பாவம் என்று சொன்னேன். வேறென்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

போன மாதம் ஒரு போன். ஒரு பெண் குரல், எங்கோ வடமாவட்டக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி.

"மேடம், உங்க தீசிஸ்ல இருக்கிற மாதிரியே அப்படியே செய்றேன். ஆறு தொகுதி ஆச்சு. செடி உயரமா வளருது, பூவே வரல. எங்க கைடு என் கைதான் சரியில்லைங்கிறார். பங்குனியோட எனக்கு டைம் முடியுது மேடம்."

"சுத்தமா செய்றீங்களா? வடிகட்டி சரியா இருக்கா?" என்று கேட்டேன். ஆமாம், இதைத்தான் கேட்டேன்.

"எல்லாம் பார்த்துட்டேன் மேடம். என்கிட்டதான் என்னமோ தப்பு" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். பாம்பன் பாலத்தில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள். எனக்குத் தெற்கே பார்ப்பதா வடக்கே பார்ப்பதா என்று தெரியவில்லை.

அக்காவின் ஊரான தங்கச்சிமடத்தில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். தென்னைக்கு நடுவில் மல்லிகை நாற்றுப் பண்ணை. அந்த ஊர்ப் பதியன்கள்தான் எங்கெங்கோ போய் மல்லிகைத் தோட்டமாகின்றன. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்றுகளில் இருந்த மொட்டுகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார், முடி முன்பக்கம் வெளுத்திருந்தது.

"ஏ, வா தாயி! இரு, இந்த வரிசைய முடிச்சிர்றேன். இப்பவே பூ விட்டா வேரு பிடிக்காது" என்றார். மொட்டுக்காக நான் ஐந்து வருடம் தவம் கிடந்தேன். இவர் கூடை கூடையாகக் கிள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தைக் கிழித்தது, நன்றியுரை, அவருக்கு வேலை போனபோது வாயைத் திறக்காதது, அந்த மாணவியின் ஆறு தொகுதி. நாலாக மடித்த தாளையும் எடுத்துக் கொடுத்தேன். பத்து வருடத்தில் மடிப்பு கிழிந்திருந்தது. அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் படித்தார்.

"என் எழுத்து அப்ப நல்லாருந்துருக்கு" என்றார்.

"என்னைத் திட்டிருங்க அக்கா."

"அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. மொதல்ல உங்ககிட்ட..."

"அப்ப எதுக்கு இங்கன வந்த?" அக்காவுக்குக் கோபம் நல்லா வரும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். "நான் கரையில உக்காந்துருக்கேன். எனக்கு என்ன கொறச்சல்? தேடிக்கிட்டு நிக்கிறது அந்தப் புள்ள. தப்பான எடத்துல நின்னு தேடுது. என்கிட்ட அழுதுட்டுப் போனா அதுக்குப் பூத்துருமா?"

அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அழுவதற்கும் அவர் அனுமதி கொடுக்கவில்லை. இதை வெளியே எழுதிவிடுகிறேன், உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுகிறேன் என்றேன்.

"என் பேரப் போடாத. நான் எழுதுனது நான் எழுதிட்டேன், இந்தா, கையிலயே இருக்கு. இது ஒன் தப்பு. ஒன் பேரப் போடு."

"நீங்க பேரு போட மாட்டீங்களே அக்கா. வெறும் நான்தான்னுதானே..."

"அப்ப நான் ஒருத்திதான எழுதுனேன்" என்றார். மறுபடி மொட்டுக் கிள்ளத் தொடங்கிவிட்டார். "ரெண்டாவது ஆளு வந்தா பேரு வேணும்ல."

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே அந்த மாணவிக்குப் போன் செய்தேன். ஜி.ஏ.வை விட்டுவிட்டு பி.ஏ.பி. மட்டும் போட்டுப் பார் என்றேன். ஏன் மேடம் என்று கேட்டாள். சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் சொல்படி அவர் பெயரை இங்கே எங்கும் எழுதவில்லை. நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாததால், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பதினேழாம் தொகுதி பூத்தது ஜி.ஏ.வினால் இல்லை. தெரிந்தும் பக்கத்தைக் கிழித்தேன், தெரிந்தும் மாற்றி எழுதினேன். ஞாயிறு. நான்தான்.

ரா. முத்துமாரி.